நத்தம் வரை

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இரண்டாம் கட்டு ஓடு மாற்றும் வேலையைக் கொத்தனார் இன்னும் முடித்தபாடில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் நீ நடக்கிற வழியில் கென்னடி மெடோஸிலிருந்து பேசியபோது ‘கொஞ்சம் வலி’ என்றாய். உன் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது நீ ஆறாம் வகுப்பில் கையை முறித்துக்கொண்டபோதே எங்களுக்குத் தெரியும். தைலத்தை இரவில் தேய். இறக்கத்தில் வேகம் வேண்டாம்.

நீ அனுப்பிய பசிபிக் கிரெஸ்ட் நடைப்பாதை வரைபடத்தில், நீ இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியைத் தினமும் பார்க்கிறேன். ஃபாரஸ்டர் கணவாயை நீ தாண்டிய அன்று தூங்கவில்லை. 4,000 மீட்டர், அந்தப் பாதையிலேயே உயரமான இடம், ஜூனிலும் பனி. தாண்டிவிட்டாய் என்றதும் பால்காரர்வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம் புள்ளி கியர்சார்ஜ் கணவாய் வழியாக இறங்கி பிஷப் என்ற ஊரில் நின்றது. சாமான் வாங்க நடக்கிறவர்கள் இறங்குகிற வழிதானாம். சரி, ஒரு நாள், இரண்டு நாள். இன்றோடு ஒன்பது நாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று ஆத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரை முதல் நாள் கேம்போவில், மெக்சிகோ எல்லையில் தொடங்கினாய். கனடா வரை 4,265 கிலோமீட்டர், ஐந்து மாதம். ஒரு நாளைக்கு 28 கிலோமீட்டர் என்று கணக்கு வருகிறது. அதில் முழங்காலுக்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லையே நீ. வேலையை விட்டதையும் போன பிறகுதான் சொன்னாய். அதை இப்போது பேசவில்லை. அந்தப் பாதையை வருஷத்துக்கு ஒரு துண்டாக நடக்கிறவர்களும் உண்டு என்று நீதானே சொன்னாய்? இதுவரை நடந்ததே 1,260 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போகிற தூரம். அத்தை வீட்டு மாப்பிள்ளை கடைத்தெருவுக்கே கார் எடுக்கிறார். தைலம் தீர்ந்திருந்தால் சொல்.

கிளம்பும்போது, “அப்பச்சி பழனிக்கு நடந்த கால்தானே எனக்கும்” என்றாய். இந்த ஒன்பது நாளாக அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. மீனா, நான் பழனிக்கு நடக்கவில்லை. 1988 தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிக் கூட்டத்தோடு கிளம்பியது உண்மை. நத்தத்தில் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் உடைந்து, தரையில் ஊன்ற முடியவில்லை. அங்கேயே நின்றிருந்தால் ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் நிற்கிறார்கள். நான் யாருக்கும் தெரியாமல் திண்டுக்கல் பஸ் ஏறி, அங்கிருந்து ஒட்டன்சத்திரம் போய், ஒரு கடைத் திண்ணையில் படுத்துக் கிடந்தேன். கூட்டம் வந்ததும் நடுவில் நுழைந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஐயா என் காலைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். பெரியப்பச்சிக்கு மட்டும் தெரியும். அவரும் போய்விட்டார். நீ நாலாம் வகுப்பில் அதையே கட்டுரையாக எழுதிக் கோப்பை வாங்கி வந்தாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கோப்பையை நான்தான் இன்னும் துடைத்து வைக்கிறேன்.

நத்தம் விஷயம் ஆத்தாவுக்குத் தெரியாது.

பிஷப்பில் அறை வாடகைக்கோ டாக்டருக்கோ பணம் வேண்டுமென்றால் எழுது, கணக்கில் போட்டுவிடுகிறேன். இங்கே ராத்திரி என்று பார்க்காதே, விழித்துத்தான் இருப்பேன்.

அப்பச்சி