பலூனுக்குள் இருப்பது எந்த ஈலியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் விஞ்ஞானப் பக்கத்தில் வந்த கட்டுரையை, என்னிடம் பின்னேர வகுப்புக்கு வரும் சாதாரண தரப் பிள்ளைகள் வெட்டி எடுத்து வந்து சுவரில் ஒட்டிவிட்டார்கள். விண்மீன்களைப் பற்றி நம் பத்திரிகையில் அரைப்பக்கம் வருவதே பெரிய விஷயம், சந்தோஷம். ஆனால் அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

மூலகங்கள் எல்லாம் பிரபஞ்சம் தோன்றிய பெருவெடிப்பிலேயே பிறந்தவை என்கிறது கட்டுரை. அப்படியில்லை. முதல் சில நிமிடங்களில் மிஞ்சியது, திணிவில் முக்கால் பங்கு ஐதரசன், கால் பங்கு ஈலியம், கூடவே ஒரு துளி இலிதியம். அவ்வளவுதான். திணிவெண் (கருவில் உள்ள புரோத்தன், நியூத்திரன் துணிக்கைகளின் மொத்த எண்ணிக்கை) 5இலும் 8இலும் நிலையான கருவே கிடையாது என்பதால் வண்டி அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு ஈலியக் கருக்கள் சேர்ந்தால் வரும் பெரிலியம்-8 உடனே உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஈலியம் வந்து மோதினால்தான் காபன். விரிந்து ஆறிக்கொண்டிருந்த பிரபஞ்சத்தில் அதற்கு நேரமும் இல்லை, நெருக்கமும் இல்லை. முதிர்ந்த விண்மீனின் வயிற்றுக்குள், சுமார் 10 கோடி பாகை வெப்பத்தில்தான் அது நடக்கிறது. இதற்குக் காபன் கருவில் குறிப்பிட்ட ஒரு சக்தி மட்டம் இருந்தே ஆகவேண்டும் என்று பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொய்ல் முன்கூட்டியே கணித்தார். கலிபோர்னியாவில் தேடிப் பார்த்தார்கள், இருந்தது!

கருக்கள் இப்படிச் சேர்வதால் சக்தி கிடைப்பது இரும்பு வரைதான். தங்கமும், தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு உலோகமும் வேறு வழியில், கருக்கள் நியூத்திரன்களை வேகவேகமாக விழுங்குவதால் உண்டாகின்றன. 2017 ஓகஸ்ட்டில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் (பெரும் விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த உட்பகுதிகள்) மோதிய தடயம் கிடைத்தபோது, அந்த வேலை நடக்கும் ஓர் இடம் தெரியவந்தது.

இனி அந்தப் பலூன். பிறந்தநாள் பலூனில் அடைக்கும் ஈலியம் பெருவெடிப்பின் சாட்சி என்று எழுதியிருக்கிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் பூமியில் நாம் எடுக்கும் ஈலியம் அநேகமாக முழுவதும் இங்கேயே, பாறைக்குள் பிறந்தது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளியேறும் அல்பாத் துணிக்கை ஈலியக் கருவேதான்.

இதற்குச் சாட்சி தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை. பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையில் கிடைத்த, இரும்பைவிடப் பாரமான கறுப்புக் கல்லை 1904இல் உலகுக்குக் காட்டியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவர் என்றே அவரைத் தெரியும் நமக்கு; அப்போது அவர் இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். தோரியம் நிறைந்த அந்தக் கல்லுக்குத் தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் ஈலியம் சிறைப்பட்டிருக்கும். தோரியத்தின் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய எடுக்கும் காலம், சுமார் 1400 கோடி வருடம், ஏறக்குறைய பிரபஞ்சத்தின் வயது. எந்த விண்மீனிலோ சேர்த்துவைத்த சக்தி இன்றும் பலாங்கொடையில் கசிந்துகொண்டிருக்கிறது. அடுத்த மலைச்சரிவில் இது இருக்க, கட்டுரையாளர் பலூனுக்குப் போனது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

பரீட்சை நெருங்குகிறது. சிறிதாகவாவது ஒரு திருத்தம் போடுங்கள். சுவரில் இருக்கும் கட்டுரையைக் கிழிக்கப் பிள்ளைகள் விடமாட்டார்கள். திருத்தம் வந்தால் அதன் பக்கத்திலேயே ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
அட்டன்.