டெங்கு இல்லையென்று வந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழை தொடங்கியதும் டெங்கு பற்றி நீங்கள் போட்ட பக்கத்தை வாசித்தேன். காய்ச்சல் என்றால் உடனே இரத்தம் சோதிக்கச் சொன்னது மிகவும் நல்லது. அந்த இடத்தில் லூபஸ் என்ற நோயின் பெயரையும் சேர்த்திருக்கலாம் என்று பட்டதால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 19 வயதில் ஒரே வருடத்தில் மூன்று தடவை காய்ச்சல் வந்தது. மூன்று தடவையும் பிளேட்லட் குறைவு. டெங்குதான் என்று நினைத்துப் பப்பாசி இலைச்சாறு பிழிந்து கொடுத்தேன். டெங்குச் சோதனையில் ஒன்றும் காட்டவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் காலையில் விரல்கள் மடங்காது. தலைமுடி சீப்போடு கொத்தாக வரும். இரண்டு கன்னமும் சிவந்து, அந்தச் சிவப்பு மூக்கின் மேலால் ஒன்று சேர்ந்திருந்தது. காலி வீதியில் வெயிலுக்குள் பஸ்ஸுக்கு நின்றதால் என்று விட்டுவிட்டோம். கடைசியில் ஒரு வைத்தியர்தான் இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஏஎன்ஏ என்ற இரத்தச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் எழுதித் தந்தார். அப்போதுதான் லூபஸ் என்று தெரிந்தது.

கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். தொற்றாது, புற்றுநோயும் அல்ல. வருகிற 10 பேரில் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். அடியோடு மாற்ற மருந்தில்லை. அடக்கிவைக்க மருந்து இருக்கிறது, அதை விடாமல் எடுக்க வேண்டும். நாங்கள் தவறியது அங்கேதான்.

முதலில் தந்தது ஹைட்ரொக்சிகுளோரோகுயின், மலேரியாக் குளிசை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே 2016 இல் அறிவித்த பிறகு இது எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்த வகைக் குளிசை எடுத்த படைவீரர்களுக்குத் தோல் நோயும் மூட்டு வலியும் குறைந்ததைப் பார்த்துத்தான் லூபஸுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று பிறகு அறிந்தேன். கண்ணை மட்டும் வைத்தியர் சொல்லும் காலத்தில் சோதிக்க வேண்டும்.

கூடவே பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும் தந்தார்கள். நோ குறைந்தது, முகம் ஊதியது. அந்த நேரம் வீட்டில் ஒரு கலியாணம். "இப்ப சுகம்தானே, ஏன் இன்னும் குளிசை?" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்க, பிள்ளை எனக்குச் சொல்லாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். கலியாண ஆல்பத்தில் மெலிந்த முகத்தோடு அழகாக நிற்கிறாள். அந்தப் படத்தை என்னால் இன்றைக்கும் பார்க்க முடிவதில்லை.

ஆறாவது வாரம், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினாள். சொக்ஸ் பட்டி பதிந்த இடம் கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாக இருந்தது. நான் விரலால் அமத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீரில் சவர்க்காரம் கரைத்தது போல நுரை. நோய் சிறுநீரகத்துக்குப் போயிருந்தது. ஒரு வலியும் இருக்கவில்லை. பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து என்பதும் அன்றைக்குத்தான் தெரியவந்தது. பல நாள் எடுத்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட் குறைந்துவிடுமாம். அதனால் வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் பெண்பிள்ளையின் வருத்தத்தை மறைப்பது கலியாணத்துக்குப் பயந்துதான். லூபஸ் உள்ளவர்களும் பிள்ளை பெறலாம். ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும், சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும். அதை வைத்தியரிடம் கேட்பதற்கே முதலில் மறைக்காமல் இருக்க வேண்டுமே.

மகளுக்கு இப்போது 26 வயது. வெயில் பட்டால் இந்த நோய் கூடும் என்பதால், குளிசையும் குடையும் இல்லாமல் வெளியே இறங்க மாட்டாள், மப்பு நாளிலும்கூட. சிறுநீரில் நுரையாகப் புரதம் போவது நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறோம்.

அடுத்த முறை டெங்குப் பக்கம் போடும்போது, டெங்கு இல்லையென்று வந்த பின்னும் காய்ச்சலும் மூட்டு நோவும் திரும்பத் திரும்ப வருகிற பிள்ளைகளை வைத்தியரிடம் காட்டி, சிறுநீரையும் ஒருதடவை சோதிக்கச் சொல்லி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6