அந்தக் கையை என்ன செய்ய?

அட்டன்
ஐப்பசி மழை

அன்புள்ள ராஜு,

நீ அனுப்பிய குடும்பப் படம் கிடைத்தது. முத்திரையையும் உன் தோளில் இருக்கிற கையையும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறாய். போனில் பேசி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு உட்கார்.

இங்கே எல்லாரும் சுகம். மகள் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஸ்டூடியோ ஓடுகிறது. ஆனால் படம் எடுக்க வருகிறவர்களைவிட, எடுத்த படத்திலிருந்து எதையாவது எடுக்கச் சொல்லி வருகிறவர்கள்தான் இப்போது கூட. மணமக்களுக்குப் பின்னால் கரண்ட் கம்பி, கோயில் வாசலில் ஷொப்பிங் பேக், எங்கிருந்தோ வந்து நடுவில் நின்ற நாய். பொடியன்கள் போனிலேயே விரலால் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். 2021-இல் கூகுள் பிக்சல் 6 போனில் மேஜிக் இரேசர் வந்ததிலிருந்து ஒவ்வொரு கம்பெனியும் அதைப்போல ஒன்று போட்டுவிட்டது.

அழிப்பது பெரிய வேலையே இல்லை, ராஜு. அழித்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் வேலை. வானத்தில் ஓடும் கம்பி சுலபம், பக்கத்து வானத்தை எடுத்துத் தடவினால் போதும். படம் திருத்துகிற போட்டோஷாப் மென்பொருளில் உள்ள குளோன் ஸ்டாம்ப், பக்கத்தில் உள்ளதை அப்படியே பிரதி எடுத்து ஒட்டும். 2002-இல் போட்டோஷாப் 7-இல் வந்த ஹீலிங் பிரஷ், ஒட்டுகிற இடத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் இழைத்துவிடும். கம்பி கூரை விளிம்பில் முட்டுகிற இடத்தில் மட்டும் ஹீலிங் கூரையின் கறுப்பை வானத்துக்கு இழுத்துப் பூசும், அங்கே குளோன்தான். ஆளை எடுத்துவிட்டு ஆளின் நிழலைத் தரையிலேயே விட்டுவைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கூத்தை என்ன சொல்ல.

நான் தொழில் படித்த ஐயா நெகட்டிவின்மேல் பென்சிலால் தீட்டித்தான் முகச் சுருக்கம் எடுப்பார். நெகட்டிவில் கறுப்புக் கூடினால் பிரிண்டில் வெளுக்கும். அதனால் பென்சிலால் அவருக்கு வெளுக்கத்தான் முடியும். அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் டவுன் மாப்பிள்ளை எல்லாரும் பவுடர் கொட்டினமாதிரி இருப்பது அதனால்தான்.

எனக்குப் பிடித்த முறை வேறு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம் உனக்குத் தெரியும். 1921-இல் கட்டியது, இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். இப்போது அங்கே எந்நேரமும் சனம். ஆளில்லாத பாலம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கமெராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, விட்டுவிட்டுப் பல படம் எடுத்தேன். போட்டோஷாப்பில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. அதில் மீடியன் கொடுத்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களிலும் உள்ள அளவை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். நடமாடுகிறவன் ஓர் இடத்தில் ஒன்றிரண்டு படத்தில்தான் இருப்பான், கல் மற்ற எல்லாவற்றிலும் இருக்கும். கல் ஜெயித்துவிடும். தண்டவாளத்தில் குந்தி எழும்பவே எழும்பாத ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. பனிமூட்டம் வந்தால் வெளிச்சம் படத்துக்குப் படம் மாறிக் காரியம் கெடும், அன்றைக்கு நல்லவேளை வரவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை பார். அந்த ஆட்களுக்குப் பின்னால் தெரிகிற ஒவ்வொரு கல்லையும் கமெரா கண்ணால் கண்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் வந்தது. விடுதி நடத்துகிற ஒருவர் மலைக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தை எடுத்துவிட்டுத் தேயிலை போடச் சொன்னார். லயம் அசிங்கமாம். கேட்டதை மெஷினே வரைந்து நிரப்புகிற, 2023-இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில்லில் போட்டுப் பார்த்தேன், என்னதான் வரும் என்று. கொஞ்ச நேரத்தில் பச்சைப்பசேலென்று வந்துவிட்டது. நிரையெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் தண்ணீர் ஓடக் கானும் இல்லை, ஏறிப்போகப் பாதையும் இல்லை. கூடையோடு போகிறவள் எந்த வழியால் போவாள்? மலையில் ஒருநாள் கொழுந்து எடுத்தவள் பார்த்தாலே சிரித்துவிடுவாள். கம்பியையும் தண்ணீர் டாங்கியையும் எடுத்துத் தருகிறேன், லயம் இருக்கட்டும் என்றேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். நாங்கள் இந்தியாவிலிருந்து இங்கே தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் சனம் நடந்ததும் அதே 2023-இல்தான்.

சரி, உன் படத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டில் ஒட்டிய குடும்பப் படம், அப்பாவின் தாடையில் ஊதா முத்திரை. நீ அதைக் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கிறாய். அதனால் மையும் அப்பாவின் மீசையும் ஒரே சாம்பலாகக் கிடக்கின்றன. படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் ஸ்கேனைக் கலரில் எடு. கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் இருக்கும். ஊதா மை பச்சையில் அப்பட்டமாகத் தெரியும், நீலத்தில் வெளிறிப்போகும். பழைய தாளின் மஞ்சள் கறை நீலத்தில்தான் கறுத்துக் காட்டும், அது ஒரு தலைவலி. முத்திரை விழுந்த இடத்துக்கு நீலத்தையும் மற்ற இடத்துக்குச் சிவப்பையும் எடுத்துக் கோர்த்துக்கொள்வேன். மிச்சம் மீதிக்குத்தான் பிரஷ்.

அடுத்தது, உன் தோளில் இருக்கிற 'தேவையில்லாத கை'. அதையும் எடுத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். மச்சான், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி வளையல் போட்ட கை, மணிக்கட்டுக்கு மேலே படமே முடிந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டில் பேர் இல்லாதவரைக் கத்தரித்திருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் எங்கள் குடியுரிமையைப் பிரித்துக்கொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் ஒருவர் இந்தியாவுக்கும் ஒருவர் இலங்கைக்கும் எழுதிப்போட்ட காலம்தானே அது. இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா பேர் வைத்தார்கள். நீங்கள் போன பிறகு உன் அத்தை எங்கள் லயத்தில்தான் கனகாலம் இருந்தார். அவரை வளையல் இல்லாமல் நான் பார்த்ததில்லை. அவர் கையாகத்தான் எனக்குப் படுகிறது, அடித்துச் சொல்ல மாட்டேன். உன் அக்கா அப்போது விவரம் தெரிந்த பிள்ளை. அவளிடம் காட்டிக் கேள்.

முத்திரைக்கு அடியில் உன் அப்பாவின் முகம் இருக்கிறது. மையை விலக்கினால் அது வெளியே வரும். கைக்கு அடியில் அப்படி ஒன்றும் இல்லை. உன் கட்டம் போட்ட சட்டையை நானோ மெஷினோ இட்டுக்கட்டித்தான் வரைய வேண்டும். முடியாத வேலையில்லை, கட்டம் என்பதால் கோடு பிசகாமல் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அக்கா எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். அவள் பதில் வரும்வரை கையைத் தொடமாட்டேன்.

ஸ்கேன் 600 டிபிஐ, கலர், டிஃப் கோப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும், டொக்கியூமெண்ட் என்று போட்டு அனுப்பு. பாஸ்போர்ட்டிலிருந்து படத்தைப் பிய்க்காதே, பக்கத்தோடு கண்ணாடியில் கவிழ்த்து வை. கடைக்காரப் பொடியன் 'நானே சுத்தம் பண்ணித் தருகிறேன் அண்ணே' என்பான், வேண்டாம் என்று சொல்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். கோத்தகிரியில் இப்போது பச்சைக் கொழுந்து கிலோ என்ன விலை போகிறது?

அன்புடன்,
சந்திரன்