வெப்பம் பூட்டப்படுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அணுக்கரு இணைவு பற்றி வெளியான கட்டுரையில், "காந்தப்புலம் பிளாஸ்மாவின் வெப்பத்தை முழுமையாகப் பூட்டிவைத்துவிடுகிறது, இனி எஞ்சியிருப்பது கருவியைக் கட்டும் வேலை மட்டுமே" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைப் படித்த பிறகு மீதிப் பக்கங்களில் மனம் செல்லவில்லை. அயனிகளின் வெப்பநிலைச் சரிவால் எழும் கொந்தளிப்பைக் கணினியில் உருவகப்படுத்துவதிலேயே ஏழு ஆண்டுகளைச் செலவிட்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

தாங்கள் அறியாததல்ல. பிரான்சில் கட்டப்பட்டுவரும் வளைய வடிவ இணைவுக் கருவியான ஐட்டரில், பிளாஸ்மாவின், அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயுவின், மையத்தில் 15 கோடி டிகிரி வெப்பநிலை எதிர்பார்க்கப்படுகிறது. அங்கிருந்து பிளாஸ்மாவின் விளிம்புக்குத் தொலைவு ஏறத்தாழ 2 மீட்டர்தான். வெப்பநிலை இவ்வளவு குறுகிய தொலைவில் இறங்கும் செங்குத்தான சரிவு சும்மா இருக்காது. வளைந்த காந்தப்புலத்தில் அயனிகள் புலக்கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடியே மெல்ல ஒரு பக்கமாக நகர்கின்றன. சூடானவை விரைவாகவும் குளிர்ந்தவை மெதுவாகவும் நகர்வதால், வெப்பநிலையில் எங்கேனும் ஒரு சிறு நெளிவு தோன்றினாலும் மின்னூட்டம் ஓரிடத்தில் சேர்ந்து வேறோரிடத்தில் குறைந்துவிடுகிறது. அதனால் பிறக்கும் மின்புலம், வளையத்தின் வெளிப்பக்கத்தில், சூடான பகுதியை வெளியேயும் குளிர்ந்த பகுதியை உள்ளேயும் தள்ளி அதே நெளிவை மேலும் வளர்க்கிறது. உட்பக்கத்திலோ அது நெளிவை அடக்கிவிடும். வெப்பநிலைச் சரிவே இத்தகைய நிலையின்மையை எழுப்ப வல்லது என்பதை சோவியத் இயற்பியலாளர்கள் ருடகோவும் சக்தேயெவும் 1961-லேயே காட்டிவிட்டார்கள். எலக்ட்ரான்களுக்கும் இதே கதை உண்டு. அங்கே கொந்தளிப்பின் சுழல்கள், டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) அயனிகளின் சுழல்களைவிட ஏறத்தாழ 60 மடங்கு சிறியவை.

என் முதல் உருவகப்படுத்தலை இன்றும் மறக்கவில்லை. பிளாஸ்மாவின் குறுக்குவெட்டுப் படத்தில் வெளிப்பக்கத்திலிருந்து சிவப்பும் நீலமுமாக விரல்கள்போல் நீண்ட பட்டைகள் வளர்ந்தன; சற்று நேரத்தில் அந்தக் கொந்தளிப்பே தனக்குக் குறுக்காகச் சில ஓட்டங்களை உண்டாக்கி, பட்டைகளைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டது. சரிவை, கொந்தளிப்பு தொடங்கும் வரம்புக்கு மேல் வெறும் பத்து விழுக்காடு கூட்டினேன். வெப்ப ஓட்டம் இருமடங்காயிற்று. மணற்குவியலின் உச்சியில் மேலும் மேலும் மணலைக் கொட்டினால் சாய்வு கூடுவதில்லை, சரிந்து விழும் மணல்தான் கூடுகிறது அல்லவா, பிளாஸ்மாவும் அப்படித்தான். சூடேற்றும் ஆற்றலைப் பெருக்கினால் மையம் அதற்கேற்பச் சூடாகிவிடும் என்று எண்ணுவதற்கு இடமே இல்லை. விளிம்பில் எவ்வளவு வெப்பநிலையைத் தாங்கிப்பிடிக்க முடிகிறது என்பதே மையத்தின் விதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 1982-இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஆஸ்டெக்ஸ் என்ற இணைவுக் கருவியில், விளிம்பில் கொந்தளிப்பு தானாக அடங்கிப்போகும் நிலை கண்டறியப்பட்டபோது உலகமே வியந்தது இதனால்தான்.

"கட்டும் வேலை மட்டுமே" என்பதற்குக் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற இணைவுக் கருவி ஒன்றே போதிய மறுமொழி. துகள்களின் மோதலால் ஏற்படும் வெப்ப இழப்பைக் குறைக்கும்படி அதன் காந்தச் சுருள்கள் கணக்கிட்டு வளைக்கப்பட்டன. அந்த நோக்கம் நிறைவேறியும்விட்டது. ஆயினும் நுண்ணலையால் எலக்ட்ரான்களைச் சூடேற்றிய வழக்கமான பரிசோதனைகளில் அயனிகளின் வெப்பநிலை 2 கோடி டிகிரியைக்கூட எட்டாமல் நின்றுபோனது. தடுத்தது கொந்தளிப்பு. உறைந்த ஹைட்ரஜன் உருண்டைகளை உள்ளே செலுத்தி, மையத்தை நோக்கி அடர்த்தி செங்குத்தாக உயரும்படி செய்தபோதுதான் அந்தத் தடை தளர்ந்தது. இதை எந்தக் கொத்தனாரின் கணக்கில் எழுதுவது?

ஐயா, இது முதல் முறையும் அல்ல. முன்பு ஒரு கட்டுரையில் "நிலையின்மை" என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் "வெடிக்கும் அபாயம்" என்று அச்சிட்டீர்கள். நான் சொல்லும் நிலையின்மை சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையிலான சுழல்கள். அவை எதையும் வெடிக்கவைப்பதில்லை, வெப்பத்தை ஓசையின்றிக் கொண்டுபோகின்றன. அப்போது நான் எழுதிய கடிதம் நான்கு வரிகளாகச் சுருங்கி வந்தது. விளக்கம் முழுவதும் போய், வாழ்த்து மட்டும் எஞ்சியது. அதற்கும் முன்பிருந்தே ஒவ்வொரு தலைப்பிலும் "செயற்கைச் சூரியன்". சூரியனின் மையம் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரிதான். அதைத் தாங்கிப்பிடிக்கப் பேரளவான ஈர்ப்பு இருக்கிறது. நம் கருவிகளுக்கு அந்தத் துணை இல்லாததால்தான் பத்து மடங்கு வெப்பநிலை தேவைப்படுகிறது, ஒவ்வொரு கசிவையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இளைஞர்கள் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று தாங்களே தலையங்கம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் பூட்டப்பட்டு முடிந்துவிட்டது என்று படித்த மாணவர் எதைத் தேடி வருவார்?

அடுத்த இதழில் இரண்டே வரித் திருத்தம் போதும்: "காந்தப்புலம் வெப்பக் கசிவைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. வெப்பநிலைச் சரிவே எழுப்பும் கொந்தளிப்பால் வெப்பம் தொடர்ந்து வெளியேறுகிறது." இடமில்லாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், என் மனக்குறைகளை வெட்டிவிடுங்கள், நெளிவு எப்படி வளர்கிறது என்று சொல்லும் பத்தியை மட்டும் தொடாமல் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்