பழைய சந்தையில் சற்று அண்ணாந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் சேருமுன் பேத்தியை, சிங்கப்பூரில் இன்று உணவங்காடியாக விளங்கும் லாவ் பா சாட் பழைய சந்தைக்கு அழைத்துச் சென்றேன். பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் வடிவமைப்பில் 1894ஆம் ஆண்டு எழுந்த அந்த எண்கோணச் சந்தையின் இரும்புத் தூண்கள் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. ஒரு தூணில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “சில்லென்று இருக்கிறது தாத்தா” என்றாள். தலைக்குமேல், சரிகை பின்னியதுபோன்ற வளைவுகளின் ஊடே காலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கட்டடத்தை, பெருவிரைவு ரயில் சுரங்கப் பணிக்காக 1986இல் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து, பின்னர் அதே இடத்தில் மீண்டும் பொருத்தி நிறுத்தினார்கள் என்பதை அங்கே சாப்பிட வரும் நம் இளையர் எத்தனை பேர் அறிவர்? குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தே வாங்கிய கையோடு அவர்கள் திரும்பிவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது.

சற்றுத் தொலைவில், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நிற்கிறது. தமிழில் மரபுடைமை நடை நடத்துவோர் இவ்விரண்டையும் ஒரே காலைப்பொழுதில் இணைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சிங்கப்பூர்