வலைக்கூடத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி

பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருமுன் ஊர்மக்களிடம் நடத்துகிற கருத்துக்கேட்பில் எப்படிப் பேசுவது, அணு உலை எப்படி ஓடுகிறது என்று படித்துப் பழக, எண்ணூரில் எங்கள் குப்பத்து வலைக்கூடத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்த எல்லாருக்கும் வணக்கம்.

"அனல்மின் நிலையச் சாம்பலோட மல்லுக்கட்டுறதே பெரும்பாடு, இதுல அணு உலை நமக்கெதுக்கும்மா?" என்று முதல் நாளே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பிறந்தது கல்பாக்கம் பக்கத்துக் குப்பம். 1984-ல் அங்கே முதல் உலை ஓடத் தொடங்கியபோது என் அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமானதே 1997-ல்தான். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு 1989-லேயே அனுமதி கிடைத்துவிட்டதால் அங்கும் கேட்கவில்லை.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு முதல் நன்றி. அணுமின்சாரம் வேண்டும் என்கிற கட்சி அவர். தெரிந்துதான் கூப்பிட்டோம். உலையில் பிறக்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சம் கடலுக்குத்தான் போகிறது என்று மழுப்பாமல் சொன்னார். உலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் உண்டு என்றதும் கூடமே அமைதியானது. 2023 டிசம்பரில் இங்கே உரத்தொழிற்சாலைக் குழாயில் அம்மோனியா கசிந்த ராத்திரி எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றவர்கள் இல்லையா நாங்கள்!

கருத்துக்கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை வரிவரியாகத் தமிழில் சொன்ன சட்டக்கல்லூரித் தம்பிக்கு என்ன கைம்மாறு செய்வது? கருத்துக்கேட்புக் கூட்டம் முடியும்போது, எல்லாரும் பேசியதன் சுருக்கத்தை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டுமாம். இத்தனை வருஷம் பேசி முடித்த கையோடு பஸ் பிடிக்க ஓடியிருக்கிறோம்.

கருத்துக்கேட்பு ஒத்திகையில் கூட்டத்தை நடத்தும் கலெக்டராக உட்கார்ந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா பொல்லாதவர். "வெந்நீர் விடுற இடத்துல மீன் முட்டையிடுற மாசத்தைப் பார்த்தீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டதை, "சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று வேண்டுமென்றே எழுதி வாசித்தார். அக்கா விருட்டென்று எழுந்து, "நான் எங்க எதிர்த்தேன்? கேள்வி கேட்டேன். அதை அப்படியே எழுதுங்க" என்றார். மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நிமிஷம்.

ஃபேன் கொடுத்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன், காசு வாங்க மறுத்த டீக்கடைக்காரர், பாதி விலைக்கு நகலெடுத்த ஜெராக்ஸ் கடைத் தம்பி எல்லாருக்கும் நன்றி. அறிவிக்கையின் குறிப்பெழுதிய பிரதி ஒன்று அந்தக் கடையிலேயே இருக்கிறது. எடுத்துப் படிப்பவர்கள் திருப்பி வைத்துவிடுங்கள்.