மலையில் இரவு தங்கும் பேருந்து வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
கல்வராயன்மலைக் கிராமங்களின் கல்லூரி மாணவ மாணவியர், பெற்றோர் சார்பில்,
இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் முன்னாள் தன்னார்வலர்.
(பெயர், ஊர், கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: இரவு மலைக்கு வரும் கடைசிப் பேருந்தை ஊரிலேயே தங்கவைத்து, காலை 6 மணிக்குப் புறப்படச் செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் மலையிலிருந்து கீழே உள்ள அரசு கலைக் கல்லூரிக்கு தினமும் போய்வரும் பிள்ளைகளுக்காக இந்த மனுவை எழுதுகிறேன். கேட்பது புதுப் பேருந்து அல்ல. ஏற்கெனவே இரவில் எங்கள் ஊருக்கு வருகிற வண்டி விடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இப்போது நடப்பது இதுதான். மாலை 6 மணிக்குக் கீழேயிருந்து கிளம்பும் பேருந்து இரவு எட்டரை மணிபோல எங்கள் ஊரில் ஆட்களை இறக்கிவிட்டு, காலி வண்டியாகப் பணிமனைக்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் காலை அநேகமாகக் காலியாகவே திரும்ப ஏறி வந்து, 7.50க்கு எங்களை ஏற்றிக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நின்று நின்று போய், பேருந்து நிலையத்தில் விடும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். கல்லூரி தொடங்குவது ஒன்பதரைக்கு. பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும்.

ஒரு மணி நேரம்தானே என்று தோன்றலாம். அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், நாளுக்கு ஐந்து பாடவேளை, ஆக மொத்தம் 450. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், அதாவது 338 பாடவேளை. தினமும் முதல் பாடவேளை போய்விட்டால், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கே 360தான் மிஞ்சும். கையில் இருப்பது 22 பாடவேளை. அப்புறம் ஒரு நாள் போகாவிட்டாலும் அதில் நான்கு கழியும். ஆறு நாள் காய்ச்சலில் படுத்தால் 336. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரிந்தால் ஆறு நாள் என்பது பெரிய விஷயமே இல்லை. 75க்குக் கீழே வந்தால் அபராதம் கட்ட வேண்டும். 65க்கும் கீழே இறங்கினால் அந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது.

இப்படித்தான் போன வருடம் இரண்டாம் ஆண்டு கணிதம் படித்த ஒரு பெண் நின்றுபோனாள். படிக்காமல் நின்றவள் இல்லை. எழுதிய தாள் ஒன்றில்கூட அவளுக்கு அரியர் கிடையாது. அப்பா அம்மா இருவரும் காப்பிக் கொட்டை பறிக்கும் மாதங்களில் கர்நாடகத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டு தம்பிகளும் நாலு ஆடும் இவள் பொறுப்பு. விடுதியில் சேரச் சொன்னபோது, "அப்போ இவனுங்களுக்கு யாருக்கா சோறு ஆக்குறது?" என்று என்னைக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்போது அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். விடுதி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வரும். தினமும் வீடு திரும்பியே ஆக வேண்டிய பிள்ளைகள் எங்கள் மலையில் நிறையப் பேர். அதிலும் பெரும்பாலும் மூத்த பெண் பிள்ளைகள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப்புதல்வன் பணமும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. அந்தப் பணம் வந்ததால் கல்லூரியில் சேர்ந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். ஆனால் முதல் பாடவேளையைப் பிடிக்க நாலைந்து பேர் சேர்ந்து மினி டெம்போவுக்குக் கொடுத்தே அதில் பாதி கரைகிறது. புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வந்த காசு டீசலுக்குப் போவதைப் பார்க்க மனது கேட்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. என் தாத்தா அவர்களுக்கு வரி கட்டியவர், பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்காதவர். அம்மா மாசியிலும் பங்குனியிலும் கடுக்காய் பொறுக்கி விற்று என்னைப் படிக்கவைத்தார். நான் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவில் நின்றபடியே இறங்கினேன். பட்டம் வாங்கிவிட்டேன், சரி. ஆனால் அந்த வண்டியில் என்னோடு வந்த மூன்று பேரில் ஒருவர்கூட முடிக்கவில்லை. என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் அவர்கள்.

எங்களைப் போலவே மலையாளி பழங்குடியினத்தைச் சேர்ந்தவர் ஜவ்வாதுமலைப் புலியூரின் ஸ்ரீபதி. பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானவர். 2024 பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஊரில் மிட்டாய் கொடுத்தோம். பிள்ளைகள் அவர் படத்தை நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு பாடுபட்டால்தான் படிக்க முடியும் என்கிற நிலைமை எங்கள் பிள்ளைகளுக்குத் தொடரக் கூடாது.

இதே கோரிக்கையோடு முன்பு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அந்த நேரத்துக்குக் கலெக்‌ஷன் வராது என்றார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் தங்க வசதி இல்லை என்றும் சொன்னார்கள். முதல் காரணத்துக்கு எங்கள் பதில்: வண்டி இரவு காலியாக இறங்குவதும் காலையில் காலியாக ஏறுவதும் நின்றுவிட்டால், அந்த டீசல் மிச்சமாகும். காலை 6 மணி வண்டிக்கு மாணவர்கள் மட்டும் 27 பேர் இருக்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கு, புளி விற்கச் சந்தைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதே வண்டியில்தான் வருவார்கள். இரண்டாவது காரணம் நியாயமானது. நாள் முழுக்க மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர் நன்றாகத் தூங்க வேண்டும். அதனால் ஊர்க் கூட்டம் போட்டுப் பேசிவிட்டோம். சமுதாயக்கூடத்தை ஒட்டிய அறையை வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, இரண்டு கட்டில் போட்டுத் தருகிறோம். கழிப்பறையும் தண்ணீரும் உண்டு. இரவுச் சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாளாக முறைவைத்துக் கொடுப்போம். வண்டிக்கு இரவில் ஊர் இளைஞர்கள் காவல் இருப்பார்கள்.

ஆகவே கடைசிப் பேருந்தை எங்கள் ஊரில் இரவு தங்கவைத்து, காலை 6 மணிக்குப் புறப்பட உத்தரவிட வேண்டுகிறோம். பருவம் தொடங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது. உடனே முடியாவிட்டால், ஒரு மாதம் சோதனையாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முதல் பாடவேளைக்கு வர முடியாமல்போன மலைக் கிராம மாணவர்களின் வருகைக் குறைவைப் பரிவோடு பார்க்கும்படி கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினால் பேருதவியாக இருக்கும். நின்றுபோன அந்தப் பெண்ணும், வண்டி வந்தால் திரும்பி வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறாள். அவளை மறுபடி சேர்க்கவும் வழிசெய்ய வேண்டுகிறோம்.

27 மாணவர்களின் பெயர், வகுப்பு, ஊர் விவரமும் ஊர்க் கூட்டத் தீர்மானத்தின் நகலும் அந்த அறையின் புகைப்படமும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலைக் கிராம மாணவ மாணவியர், பெற்றோர் சார்பில்
(கையொப்பம்)